ஊசி வீட்டுக்கு வந்த கதை



திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். முதல் மூவரைப் பற்றி வரலாறு நிறையப் பேசுகிறது. நான்காமவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று நாம் இன்சுலின் மருந்தின் வரலாற்றை அந்த நான்காமவரின் பக்கமிருந்து பார்க்கப் போகிறோம்.

இதை ஏன் இங்கே பேச வேண்டும்? 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்புநீர் நோய் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களை மட்டும் தனியே எண்ணியபோது அது 100க்கு 31 ஆக இருந்தது. தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களிலும் இந்நோய் இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் ஒருவர் மருத்துவமனையிலிருந்து இன்சுலின் ஊசியோடு வீடு திரும்பினால், "ஊசிக்குப் போய்விட்டாரா? அப்படியானால் இனி கடைசிக் கட்டம்தான்" என்று அண்டை அயலார் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு ஊசியை அலமாரியில் ஒளித்து வைத்தவர்கள் உண்டு. பாதியில் நிறுத்தி, மயங்கி விழுந்து, மீண்டும் மருத்துவமனைக்கே சென்றவர்களும் உண்டு. அந்தப் பேச்சு எவ்வளவு தவறானது என்பதை வரலாறே நமக்குச் சொல்லும்.

முதலில் 1921க்கு முந்திய நிலையைப் பார்ப்போம். அக்காலத்தில் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ இந்நோய் கண்டால், பெற்றோர் சில மாதங்களையோ ஓரிரு ஆண்டுகளையோதான் எண்ணிக்கொள்ள முடியும். அமெரிக்காவில் அலன் என்ற மருத்துவர் ஒரு வழி கண்டார். உண்ணும் உணவை மிகமிகக் குறைத்துவிடுவதே அந்த வழி. பிள்ளை எலும்பும் தோலுமாக மெலியும். ஆனால் இன்னும் சில காலம் உயிரோடிருக்கும். பசியால் அழும் பிள்ளையின் முன்னே சோற்றை மறைத்து வைத்த தாய்மார்களின் துயரத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1921ஆம் ஆண்டு மே மாதம், கனடா நாட்டின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில், பேண்டிங் என்ற இளம் மருத்துவரும் பெஸ்ட் என்ற மாணவரும் பேராசிரியர் மக்லியோட் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடங்கினர். நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது சுரக்கும் ஒரு சாறுதான் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உடம்புக்குப் பயன்படும்படி செய்கிறது. அந்தச் சாற்றை விலங்குகளின் கணையத்திலிருந்து பிரித்தெடுக்க அவர்கள் முயன்றனர். கோலிப் என்ற வேதியியல் அறிஞர் அதைத் தூய்மைப்படுத்தித் தந்தார்.

1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரியாகப் பலன் தரவில்லை. கோலிப் தூய்மைப்படுத்திய மருந்தை ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் போட்டபோது, சிறுவனின் உடலில் சர்க்கரை சரசரவென இறங்கியது. சாவின் வாசலில் கிடந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடிப்பின் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் என்று பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டார்கள். 1923இல் பேண்டிங்கும் மக்லியோடும் நோபல் பரிசு பெற்று, பரிசுப் பணத்தைப் பெஸ்டோடும் கோலிப்போடும் பகிர்ந்துகொண்டனர்.

பாடநூல்கள் பெரும்பாலும் இங்கே கதையை முடித்துவிடும். உண்மையில் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஏன் என்று கேட்பீர்கள். இன்சுலின் நோயை அடியோடு தீர்ப்பதில்லை. நேற்றுப் போட்ட ஊசி இன்றைக்கு உதவாது. ஒவ்வொரு நாளும் போட வேண்டும். அளவு குறைந்தால் சர்க்கரை ஏறும்; கூடினாலும், ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். நாள்தோறும் மருத்துவமனைக்குச் செல்ல யாரால் முடியும்? ஆகவே, மருத்துவர் கையிலிருந்த ஊசி வீட்டார் கைக்கு வந்தாக வேண்டும். மருத்துவ உலகில் அது ஒரு பெரிய மாற்றம்.

எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமியின் கதை இதற்கு நல்ல சான்று. இவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1919இல், 11 வயதில் இவருக்கு நோய் கண்டது. அலனின் பட்டினி முறையில் மூன்று ஆண்டுகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். 1922 ஆகஸ்டில் டொரோண்டோவுக்கு வந்தபோது அவருக்கு வயது 14. எடையோ 20 கிலோதான். இன்சுலின் போடத் தொடங்கிய பின், பல ஆண்டுகளாகக் கண்ணால் மட்டுமே பார்த்த ரொட்டியை உண்டார். அங்கிருந்து தம் தாயாருக்குக் கடிதம் எழுதினார். தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொள்ளவும் கற்றார். அவர் படித்தார், மணம் முடித்தார், மூன்று பிள்ளைகளைப் பெற்றார். 1981இல் காலமானார். அதுவரை அவர் போட்டுக்கொண்ட ஊசிகள் ஏறத்தாழ 42,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊசி கடைசிக் கட்டம் என்போர் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும். ஏறத்தாழ 59 ஆண்டு வாழ்க்கை ஊசியோடுதான் தொடங்கியது.

எலிசபெத்துக்கு வசதி இருந்தது. கூடவே ஒரு தாதியும் இருந்தார். சாதாரண மக்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து மருத்துவர் எலியட் ஜோஸ்லின். அவருடைய தாயாருக்கே இந்நோய் இருந்தது. இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918இல், மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்துவதற்கென்று ஒரு கையேட்டை எழுதி வெளியிட்டார். நோயாளி தம் நோயைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அக்காலத்தில் புதிய எண்ணம். 1922 ஆகஸ்டு 7ஆம் நாள் அவர் தம் முதல் இன்சுலின் ஊசியைப் போட்டது ஒரு தாதிக்கு. நோயால் மெலிந்து, வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் இருந்த அந்தப் பெண்மணி சில வாரங்களில் பல மைல் தூரம் நடக்கும் அளவுக்குத் தேறினார்.

ஜோஸ்லின் தம் மருத்துவமனையில் வகுப்புகள் நடத்தினார். ஊசி போடுவதும், உணவை நிறுத்துப் போடுவதும், சிறுநீரைச் சோதிப்பதும் அங்கே பாடங்கள். மருத்துவமனையை விட்டுச் சென்ற பின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அறிய, வீடு தேடிச் செல்லும் தாதியரையும் அவர் ஏற்படுத்தினார். மருத்துவமனையில் எல்லாம் சரியாகச் செய்தவர், சொந்த அடுப்படியில் தடுமாறுவார் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இந்நோயை ஆளுவது மூன்று குதிரை பூட்டிய தேரை ஓட்டுவது போன்றது என்பது அவர் சொன்ன உவமை. உணவு ஒரு குதிரை, இன்சுலின் ஒரு குதிரை, உடலுழைப்பு ஒரு குதிரை. மூன்றில் ஒன்று தறிகெட்டு ஓடினாலும் தேர் கவிழும்.

இங்கிலாந்திலும் இதே பாடம் வேறு வழியில் கற்கப்பட்டது. லாரன்ஸ் என்ற இளம் மருத்துவருக்கு இந்நோய் கண்டது. இனிப் பிழைக்க மாட்டோம் என்று எண்ணி, வீட்டாருக்குப் பாரமாக இராமல், இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்று தங்கிவிட்டார். 1923 மே மாதம் லண்டனிலிருந்து நண்பர் ஒருவர் தந்தி அடித்தார். இன்சுலின் வந்துவிட்டது, பலன் தருகிறது, விரைந்து வா என்பது செய்தி. தள்ளாத நிலையில் நெடுந்தூரம் பயணம் செய்து லண்டன் வந்து சேர்ந்து, அம்மாத இறுதியில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். பின்னர் நோயாளிகளுக்கென 1925இல் ஒரு நூல் எழுதினார். 1934இல், தம்மிடம் சிகிச்சை பெற்ற புகழ்பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் சேர்ந்து இனிப்புநீர் நோயாளர் சங்கத்தைத் தொடங்கினார். நோயாளிகளே ஒருவருக்கொருவர் துணை என்ற எண்ணம் அச்சங்கத்தால் பரவியது. லாரன்ஸ் 1968 வரை வாழ்ந்தார்.

அக்கால வீட்டு வைத்தியம் எவ்வளவு கடினமானது தெரியுமா? ஊசிக் குழல் கண்ணாடியாலானது. ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். சர்க்கரையை அறிய, பெனடிக்ட் கரைசல் என்ற நீல நிற நீரில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் உண்டு. செங்கல் நிறமானால் மிக அதிகம். எத்தனையோ தாய்மார்கள் அடுப்படியில் நின்று இந்த நிறங்களைப் படித்தே பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

மருந்தே கிடைக்காத இடத்திலும் மனிதர் முயற்சியை விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து தப்பி ஷாங்ஹாய் நகருக்கு வந்தவர்கள் ஈவா சாக்சல், அவர் கணவர் விக்டர். ஈவாவுக்கு அங்கேதான் நோய் கண்டது. ஜப்பானியர் ஆட்சியில் இன்சுலின் கிடைக்காமல் போயிற்று. விக்டர் துணி ஆலைப் பொறியாளர், மருத்துவர் அல்லர். ஆயினும் இருவரும் ஒரு மருத்துவ நூலைப் படித்து, எருமையின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்து, முயல்களுக்குப் போட்டுச் சோதித்தனர். பிறகு ஈவா தமக்கே போட்டுப் பார்த்தார். பழுப்பு நிறமாக இருந்த அந்த மருந்து அவரையும், அங்கிருந்த மற்ற நோயாளிகள் பலரையும் போர் முடியும்வரை காப்பாற்றியது. இன்று கிளினிக்கில் தரும் மருந்தை வாங்கி வந்து மூலையில் வைத்துவிடும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

பின்னர் கருவிகள் எளிதாயின. 1936இல் டென்மார்க்கின் ஹாகடோர்ன் நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினை உருவாக்க, ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது. 1940களில் அடுப்பில்லாமலே சிறுநீரைச் சோதிக்கும் மாத்திரை வந்தது. 1970 வாக்கில் ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் கருவி வந்தது. ஆனால் அதை மருத்துவர்களுக்கே விற்றார்கள். நோயாளிக்கு எதற்கு என்பது அன்றைய எண்ணம். அமெரிக்காவில் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், தம் மனைவி மருத்துவராக இருந்ததால் அவர் பெயரில் ஒன்றை வாங்கித் தம்மைத் தாமே சோதிக்கத் தொடங்கினார். இன்று அக்கருவி நம் வீட்டு மேசைகளில் இருக்கிறது. 1982இல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த மருந்தா என்று தயங்கியவர்களுக்கு அத்தயக்கமும் நீங்கியது. 1985இல் பேனா வடிவ ஊசி வந்தது.

கருவி எளிதானால் மட்டும் போதுமா? போதாது என்று காட்டியது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அரசாங்க மருத்துவமனை. அங்கே வருவோர் பெரும்பாலும் ஏழை மக்கள். லியோனா மில்லர் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளுக்குக் கற்பித்தார்கள். சந்தேகம் வந்தால் உடனே கேட்க ஒரு தொலைபேசியையும் ஏற்படுத்தினார்கள். இன்சுலின் தீர்ந்துவிட்டதா, காய்ச்சலா, வாந்தியா, கூப்பிட்டுக் கேட்கலாம். 1972இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. நினைவிழந்து வருவோர் தொகையும், மருத்துவமனையில் படுத்திருக்கும் நாள்களும் வெகுவாகக் குறைந்திருந்தன. புது மருந்து எதுவும் இல்லை. கற்பித்தலும், கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆளும்தான் புதியவை.

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை நோய். இதில் முதலில் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையும் போதும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையம் களைத்துப்போகும். அப்போது இன்சுலின் தேவைப்படலாம். இது நோயாளியின் குற்றமும் அன்று, தண்டனையும் அன்று. இங்கிலாந்தில் 5,102 பேரை 20 ஆண்டுகள் கவனித்து 1998இல் வெளியான ஆய்வு, சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றில் வரும் கேடு நான்கில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. ஊசி போட்டதால் கண் போயிற்று என்பது தவறு. கட்டுக்கடங்காத சர்க்கரைதான் கண்ணைக் கெடுக்கிறது.

இனி, இந்த வரலாற்றை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

பால்மரம் வெட்டுவோரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோரும் விடியுமுன் புறப்படுகிறார்கள். உணவுக்கு முன் போட வேண்டிய ஊசியைப் போட்டுக்கொண்டு, வெறும் தேத்தண்ணியோடு வேலைக்காட்டுக்குப் போவது ஆபத்து. ஊசிக்குப் பின் உணவு, அதற்குப் பின் வேலை என்ற வரிசை மாறக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாக் கோபம், தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். தெளிந்ததும் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேலைக்குப் போகும் பையில் சீனிப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். உடன் வேலை செய்வோருக்கும் சொல்லி வையுங்கள். ஒளித்து வைத்த நோய்க்கு உதவி கிடைக்காது.

ஊசியை வயிற்றிலோ தொடையிலோ போடும்போது ஒரே இடத்தில் போடாமல் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துப்போய் மருந்து சரியாகச் சேராது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால், சாப்பிடவில்லையே என்று ஊசியைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கிளினிக்கைக் கேட்க வேண்டும். விரதம் இருக்க விரும்புவோரும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் வீசாமல், கெட்டியான நெகிழிப் புட்டியில் போட்டு மூடிக் கிளினிக்கில் ஒப்படைக்க வேண்டும். குப்பை அள்ளுபவரும் நம் வீட்டுப் பிள்ளை போன்றவரே.

திறக்காத மருந்து குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். ஆனால் உறைபனிப் பகுதியில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் வீண். பயன்பாட்டில் உள்ளதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்பது பொதுவான விதி. உங்கள் மருந்துக்குரிய கணக்கை மருந்தாளரிடம் கேளுங்கள். கென்யாவின் டகஹலே அகதி முகாமில் எந்த வீட்டிலும் குளிர்பெட்டி இல்லை. அங்குள்ள வெப்பநிலையில், 25 முதல் 37 பாகைவரை ஏறி இறங்கும் சூட்டிலும், இன்சுலின் நான்கு வாரம் பலம் குன்றாமல் இருந்ததை ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2021இல் வெளியிட்டனர். வீட்டில் வசதியில்லை என்பதற்காக ஊசியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காரினுள்ளோ மோட்டார்சைக்கிள் பெட்டியிலோ மருந்தை விட்டுவிடாதீர்கள்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றைக் காண்கிறோம். மருந்துச் சீட்டும் கிளினிக் புத்தகமும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அதைப் படித்துச் சொல்பவர் நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர். பாட்டிக்கு இரண்டு பேனா. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டும் மாறினால் ஆபத்து. ஒன்றில் சிவப்பு நூலும் மற்றதில் வெள்ளை நூலும் கட்டி, சுவரில் தமிழில் எழுதி ஒட்டினால் போதும். பாட்டி தாமே சரியாகப் போட்டுக்கொள்வார். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் ஒருவர் கூடச் செல்லுங்கள். தாதியிடமும் மருந்தாளரிடமும் கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் முன்னிலையில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் படித்துச் சொல்லலாம். ஆனால் மருந்தின் அளவைப் பெரியவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

நேயர்களே, பேண்டிங் 1941இல் ஒரு விமான விபத்தில் இறந்தார். அவர் பிறந்த நவம்பர் 14ஆம் நாள் இன்று உலக இனிப்புநீர் நோய் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவருடைய பெயர் வரலாற்றில் நிற்கும். நிறம் பார்த்த தாய்மாரின் பெயரும், வீடு தேடிச் சென்ற தாதியரின் பெயரும், பேனாவில் நூல் கட்டிய பேரப்பிள்ளையின் பெயரும் எங்கும் எழுதப்படப் போவதில்லை. ஆனால் இவர்கள் இல்லாவிட்டால், டொரோண்டோவில் கண்ட அந்த மருந்து மருத்துவமனை வாசலோடு நின்றுபோயிருக்கும். அதை வீட்டுக்குள் அழைத்து வந்தவர்கள் இவர்களே. இனி நம் வீட்டில் அந்தப் பணி நம்முடையது.